மானாவாரி நிலத்தில் 1 மெகாவாட் சோலார்: பறவை, புற்று, ஓடை மூன்றும் தப்ப எந்த வேலையை எப்போது செய்வது

வேலூர், அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் 5 ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்ததும் கேட்பது, "சப்ஸ்டேஷன் எவ்ளோ தூரத்துல இருக்கணும் சார்?" என்றுதான். கேட்கவேண்டிய கேள்விதான், ஆனால் வரிசையில் அது ஐந்தாவது. அதை முதலில் கேட்டு, உடனே அட்வான்ஸ் கைமாறி, மறுவாரம் ஜேசிபி இறங்கிவிட்டால், அதற்குப் பிறகு அந்த நிலத்தில் காப்பாற்ற அதிகம் மிச்சம் இருக்காது.

மூன்று இடங்களில் இந்த வேலையைத் தொடக்கம் முதல் மின்சாரம் ஏறும் நாள் வரை கூடவே நின்று பார்த்திருக்கிறேன். முதல் இடத்தில் நான் செய்த தவறுகள்தான் கீழே உள்ள பாதி அறிவுரை. 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை தரையில் அமைப்பவர்களுக்காக எழுதுகிறேன். விவசாய நிலத்தில் சோலார் அமைப்பதற்கான மத்திய அரசின் பி.எம். குசும் திட்டத்தில், ஏ பிரிவும் இந்த அளவுக்குத்தான். 1 மெகாவாட்டுக்கு 4 முதல் 5 ஏக்கர் பிடிக்கும். 550 வாட் பேனலாக எடுத்தால் ஏறத்தாழ 1,800 பேனல் வரும்.

1. கூரை இருந்தால் தரையைத் தொடாதீர்கள்

தோல் தொழிற்சாலை, ஷூ கம்பெனி, அரிசி ஆலை, கல்யாண மண்டபம் எதுவானாலும் கூரை உங்கள் பெயரில் இருந்தால் முதலில் அதை அளந்து பாருங்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். கூரையில் எந்தப் பறவையின் கூட்டையும் கலைக்கப் போவதில்லை. அது நிரம்பிய பிறகு மிச்சத்துக்கு நிலம் தேடலாம்.

2. நிலத்தை முதலில் காகிதத்தில் பாருங்கள்

கையில் வேண்டியவை: பட்டா, அ-பதிவேடு நகல், எஃப்.எம்.பி. எனப்படும் புல வரைபடம், கிராம வரைபடம். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் சர்வே எண்ணோடு நிற்காமல், சுற்றியுள்ள எட்டுப் பத்து எண்களுக்கும் அ-பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து எண் ஓடைப் புறம்போக்கா, ஏரியா, மேய்க்காலா, காப்புக்காடா என்று அதில்தான் தெரியும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது "தரிசு" என்ற சொல்லில். பதிவேட்டில் தரிசு என்று இருந்தால் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வருவாய்த்துறைக் கணக்குக்கான சொல், அவ்வளவுதான். ஏர் படாத கரம்பில்தான் கௌதாரி, காடை, முயல், உடும்பு, வானம்பாடி எல்லாம் இருக்கும். ஆண்டுதோறும் ஆடியில் உழுது மல்லாட்டை (நிலக்கடலை) போட்டு, கிணறு வற்றியதால் நாலைந்து வருடமாக விட்டுவைத்த நிலத்தில் இவை குறைவு. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் உழுத நிலத்தை எடுங்கள். தரகர் கரம்பைத்தான் காட்டுவார், விலை குறைவு என்பார். சமன் செய்யும் செலவையும் சேர்த்தால் அந்த வித்தியாசம் போய்விடும்.

மூன்று வகை நிலத்தைப் பார்த்த உடனே கைவிடுங்கள். ஏரி நீர்ப்பிடிப்புக்குள் வருவது முதல் வகை. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007 இருப்பதால், பிழைத்துப் போனாலும் வழக்கோடுதான் பிழைப்பீர்கள். காப்புக்காட்டு எல்லைக்கல்லை ஒட்டியது இரண்டாவது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும் தடத்தில் இருப்பது மூன்றாவது. யானைத் தடம் எந்த வரைபடத்திலும் இருக்காது. ஊரில் கேட்டால் பையன்கூடக் காட்டிவிடுவான்.

இன்னொன்று. சோலார் மின்நிலையத்துக்கு 2006 அறிவிக்கையின்படியான சுற்றுச்சூழல் முன் அனுமதி தேவையில்லை. நிறையப் பேர் இதைக் கேட்டதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. யாரும் வந்து பார்க்கப் போவதில்லை என்பதால் பார்க்கும் வேலை முழுக்க நம் தலையில் விழுகிறது. அதே நேரம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்துக்கும் பொருந்தும். மயில், உடும்பு, அலங்கு எனப்படும் எறும்புத்தின்னி மூன்றும் அதன் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

3. இரண்டு பருவம் நடந்து பாருங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். "ஒரு நாள் ட்ரோன் விட்டாப் போதாதா?" என்று கேட்பார்கள். ட்ரோன் மேட்டையும் பள்ளத்தையும் காட்டும். முட்டையைக் காட்டாது.

குறைந்தது இரண்டு சுற்று வேண்டும். ஒன்று ஐப்பசி மழை விட்ட பிறகு, நவம்பர் கடைசி முதல் ஜனவரி வரை. தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, எங்கே குட்டையாக நிற்கிறது, வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் எங்கே இறங்குகின்றன என்பது அப்போதுதான் தெரியும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பறவைக் கணக்கு எடுப்பார்கள். அந்த நாட்களில் உங்கள் நிலத்துக்கும் ஒருவரை அழைத்தால் பெயர் தெரியாத பறவைக்கெல்லாம் பெயர் சொல்லிவிடுவார். இரண்டாவது சுற்று ஏப்ரல், மே. தரையில் முட்டையிடும் பறவைகளின் காலம் அது.

காலை 6 மணிக்குள் நிலத்தில் இருங்கள். நான்கு இடம் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் 10 நிமிடம் நின்று பார்த்ததை, கேட்டதை எழுதுங்கள். பறவைகளைப் பதிவதற்கான ஈபேர்ட் செயலியில் பதிந்தால் தேதியும் இடமும் தானாக விழும், பிற்பாடு உதவும். பிறகு நிலம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பொந்து, புற்று, பழைய கூடு, எச்சம், கால்தடம் எல்லாவற்றையும் கைப்பேசியில் இடக்குறியோடு படம் எடுங்கள்.

அதைவிட முக்கியம் ஆளைக் கேட்பது. நான் முதல் இடத்தில் கேட்கவில்லை. இரண்டாவது இடத்தில், ஒடுகத்தூருக்கு மேற்கே, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் ஓரமாக நின்று நாங்கள் குறிப்பெடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா தாத்தா, இங்க ஏதாச்சும் கீதா?" என்று கேட்டதும், "அந்தாண்ட பாறைக்குக் கீழ உடும்பு கீது. புத்துல பாம்பு கீது. இத்தெல்லாம் எழுதிக்கினியா?" என்றார். இரண்டு நாளில் நாங்கள் கண்டது அவர் இரண்டு நிமிடத்தில் சொன்னதில் பாதிதான். பக்கத்தில் இருளர் குடியிருப்பு இருந்தால் அங்கிருந்து ஒருவரை நாள்கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். எந்தப் பொந்து பழசு, எதில் இப்போது குடி இருக்கிறது என்று வாசல் மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கூலியை மட்டும் பேரம் பேசாதீர்கள். உங்களுக்கு அது ஒரு மாத ஆய்வு.

4. வரைபடத்தில் முதலில் விடவேண்டிய இடத்தை வரையுங்கள்

சோலார் கம்பெனிக்காரர் வரைபடத்தை எப்போதும் பேனல் வரிசையில் தொடங்குவார். நீங்கள் அதற்கு முன்பே புல வரைபட நகலில் பச்சைப் பேனாவால் நான்கு விஷயத்தைக் குறித்துக் கொடுத்துவிடுங்கள். அவர் வரைந்த பிறகு சொன்னால் "டிசைன் முடிஞ்சிடுச்சு சார்" என்பார்.

முதலாவது நீர்வழி. வரத்துக்கால்வாய், ஓடை எதுவானாலும் இரு கரையிலும் 20 மீட்டர் விடுவது என் கணக்கு. பாலாற்றுப் படுகையில் ஏரிகள் ஒன்றுக்கடுத்து ஒன்றாகச் சங்கிலிபோல இருக்கின்றன. உங்கள் நிலத்தில் ஒரு முழ அகலக் கால்வாயை மூடினால் கீழே இரண்டு ஏரிக்குத் தண்ணீர் போகாது. என் முதல் இடத்தில் அப்படி ஒரு காய்ந்த பள்ளத்தை ஒப்பந்தக்காரர் மூடினார். நானும் பக்கத்தில் நின்று சரி என்றேன். நவம்பர் மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் இன்வெர்ட்டர் மேடை வரை ஏறியது. கீழூர் ஆட்கள் வந்து கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஏரி, குட்டையிலிருந்து தள்ளி வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பேனல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி தண்ணீர்ப் பரப்பிலிருந்து வருவதைப் போலவே இருக்கும். தண்ணீரில் முட்டையிடும் பூச்சிகள் ஏமாந்து பேனல் மேல் முட்டையிட்டு வீணாக்கும். பேனலில் வெள்ளைக் கோடுகள் கட்டம் கட்டமாக இருந்தால் இந்த ஏமாற்றம் குறைகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் அருகில்தான் வைத்தாக வேண்டும் என்றால் வெள்ளைச் சட்டம் உள்ள பேனலைக் கேளுங்கள்.

இரண்டாவது பாறையும் புற்றும். பாறை இடுக்கில் உடும்பு, ஓணான், கீரி. அதை உடைக்க ஆகும் செலவில் பத்துப் பேனலை வேறு பக்கம் தள்ளலாம். புற்றைப் பற்றி நம் ஊரில் நான் சொல்லவேண்டியதே இல்லை. மஞ்சள் குங்குமம் வைத்த புற்றில் ஜேசிபி ஓட்டுநர் கை வைக்கமாட்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டாலும் அவரும் வைக்கமாட்டார். வரைபடத்திலேயே சுற்றி 5 மீட்டர் விட்டுவிட்டால் அன்றைக்கு வேலை நிற்காது.

மூன்றாவது மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பெரும்பாலும் வெட்டவே தேவையில்லை, ஏனென்றால் நிழல் எங்கே விழும் என்பது எளிய கணக்கு. வேலூர் சுமார் 12.9 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் உச்சிவெயிலில் 15 மீட்டர் பனையின் நிழல் வடக்கே ஏறக்குறைய 11 மீட்டர் நீளும். தெற்கு எல்லையில் நிற்கும் பனைக்கு அந்த 11 மீட்டரும், காலை மாலைச் சாய்வுக்குக் கொஞ்சமும் சேர்த்து 20 மீட்டர் விட்டால் போதும். அந்த இடத்தில் பாதையும் இன்வெர்ட்டர் அறையும் போடுங்கள். வடக்கு எல்லையில் நிற்பது உச்சிப்பொழுதில் தொந்தரவே செய்யாது. ஜூனில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்தாலும் நிழல் 3 மீட்டருக்குள் அடங்கும். அந்த ஓலை நுனியில் தூக்கணாங்குருவி கூடு கட்டும், பொந்து விழுந்த மொட்டைப் பனையில் பனங்காடையும் கிளியும் இருக்கும். மொட்டைப் பனையைச் செத்த மரம் என்று சாய்த்துவிடாதீர்கள்.

நான்காவது வேலியோரம். உள்பக்கமாகச் சுற்றிலும் 3 மீட்டர் அகலத்துக்கு நொச்சி, ஆவாரை, சங்கஞ்செடி என்று இருக்கிற புதரை அப்படியே விடுங்கள். தூசி தடுப்பதற்கு வேறு எதுவும் வாங்கவேண்டாம்.

5. மின்கம்பி வழியைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

இப்போது சப்ஸ்டேஷன் கேள்விக்கு வரலாம். குசும் ஏ பிரிவில் துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்துக்கு முன்னுரிமை. ஆனால் தூரத்தைவிட வழி முக்கியம். 11 கே.வி. கம்பி ஏரிக்கரை மேலோ ஓடையின் குறுக்காகவோ போனால் நாரையும் கொக்கும் விடியற்காலை மங்கலில் மோதும். சாலையோரமாக அரை கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலும் அதுவே நல்லது. கம்பம் பழுதுபார்க்கப் போகிறவருக்கும் அது வசதி.

மோதிச் சாவதைவிட உட்கார்ந்து சாவதுதான் நம் பக்கம் நான் அதிகம் பார்த்தது. கம்பத்துத் தலையில் உட்கார்ந்த மயில் சிறகை விரித்தால் ஒரு கம்பியையும் இரும்புக் குறுக்குச் சட்டத்தையும் ஒன்றாகத் தொட்டுவிடும். மயிலும் போகும், ஃபீடர் எனப்படும் அந்த மின்பாதையும் டிரிப் ஆகி நிற்கும், அன்றைய மின் உற்பத்தியும் போகும். மதிப்பீடு போடும்போதே மூன்று விஷயத்தை எழுதிக் கேளுங்கள்: டபுள் போலில் (இரட்டைக் கம்பத்தில்) டிரான்ஸ்ஃபார்மருக்கு இறங்கும் ஜம்பர் எனப்படும் இணைப்புக் கம்பிகளுக்கு உறை, கம்பத்துக்கு இரு பக்கமும் சிறிது தூரத்துக்குக் கம்பிக்கு உறை, நீர்நிலைப் பக்கம் பறவைக்குத் தெரிகிற மாதிரி பளிச்சென்ற தகடு. முடிந்த இடத்தில் தரையடிக் கேபிள் அல்லது ஏபி கேபிள், அதாவது உறையிட்டு முறுக்கிய மேல்நிலைக் கம்பி. வேலை முடிந்து லைன் சார்ஜ் ஆன (மின்சாரம் ஏறிய) பிறகு இவற்றைச் செய்ய, மின்சாரத்தை நிறுத்த ஷட்டவுன் வாங்கவேண்டும், அது கிடைப்பதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

வழி சரிப்பட்டால் குத்தகைப் பத்திரத்துக்குப் போங்கள். பச்சைப் பேனா வரைபடத்தை அதோடு இணைப்பாகச் சேர்த்து, சோலார் கம்பெனி ஒப்பந்தத்திலும் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது ஜேசிபிக்காரர் வரை போய்ச் சேராது.

6. மண்வேலை ஜனவரி, பிப்ரவரியில்

இரண்டாவது சுற்று முடிந்து அடுத்த ஜனவரி வரை பொறுத்தால் கிடைப்பதைவிட அதிகமாக வேறெந்த வழியிலும் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை விட்டிருக்கும், தோண்டிய மண் அடித்துப் போகாது. தரையில் முட்டையிடும் ஆள்காட்டிப் பறவை மார்ச்சில் தொடங்கும், அதற்குள் முடித்துவிடலாம். பேனல் பூட்டும் வேலை அதற்குப் பிறகு கோடையில் நடந்தால் பரவாயில்லை. பெரிய சேதம் பேனலால் வருவதில்லை, மண் கிளறும் அந்த முதல் இரண்டு மூன்று நாளில்தான் வருகிறது.

என் முதல் இடத்தில் மே மாதம் இறங்கினோம். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. "எப்பவும் கத்தும் சார் அது" என்றார் ஓட்டுநர். எப்பவும் கத்துவது உண்மை. ஆனால் நடக்க நடக்க ஒரே இடத்தில் கத்தல் கூடினால் காலடியில் முட்டை இருக்கிறது என்று பொருள். கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டை, டயர் ஏறிய பிறகுதான் கண்ணில் பட்டது.

ஜேசிபி வரும் ஒவ்வொரு நாளும் காலையில் நாலைந்து பேர் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று அன்றைய பகுதியை நடந்து பாருங்கள். கூடு கிடைத்தால் சுற்றிலும் 15 மீட்டருக்குக் கொடி நட்டு அந்தப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆள்காட்டிக் குஞ்சு பொரிக்கச் சுமார் நாலு வாரம்தான் ஆகும், பொரித்ததும் தாயோடு நடந்துவிடும். பாம்பு குடியிருக்கும் பொந்தில் புகை போடவேண்டாம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நிலத்தை மொத்தமாக வழித்துச் சமன் செய்யாதீர்கள். பேனல் கால்கள் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி வெவ்வேறு நீளத்தில் கிடைக்கின்றன. புதரைத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கையால் வெட்டினால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். சீமைக்கருவேலையும் உண்ணிச்செடியையும் மட்டும் வேரோடு பிடுங்குங்கள், அவற்றிலும் கூடு இல்லை என்று பார்த்த பிறகு. பாதை, மேடை போடும் இடத்தில் மேல்மண் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்துத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்புங்கள். விதை எல்லாம் அதில்தான் இருக்கிறது.

கேபிள் பள்ளத்தை இரவில் திறந்து விடக்கூடாது. விட்டே ஆகவேண்டும் என்றால் 20 மீட்டருக்கு ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள். தவறி விழுந்த தேரையும் பாம்பும் ஏறிப் போய்விடும். இரண்டு பலகை செலவு. காலையில் பள்ளத்தில் இறங்கப்போவது உங்கள் ஆள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

7. வேலி

4.5 ஏக்கருக்கு ஏறக்குறைய 540 மீட்டர் வேலி வரும். கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வலை கட்டுங்கள். முயல், கீரி, உடும்பு, கௌதாரி போய்வரும், மாடு வராது. திருட்டுப் பயம் என்பார்கள். அந்த இடைவெளியில் பேனல் நுழையாது. மேலே முள்கம்பி வேண்டாம், இரவில் பறக்கும் ஆந்தையும் பழந்தின்னி வௌவாலும் அதில் சிறகு மாட்டிக் கிழிபடும். காப்புக்காட்டு ஓரத்தில் மின்வேலி போட நினைத்தால் வனத்துறை அனுமதி முதலில். அதற்கென்றே 2023இல் தமிழ்நாட்டில் விதிகள் வந்திருக்கின்றன.

8. பேனலுக்குக் கீழே புல்லும் செம்மறியும்

வேலை முடிந்ததும் களைக்கொல்லி அடித்து மண்ணை மொட்டையாக வைத்திருப்பதைச் சுத்தம் என்று நினைக்கிறார்கள். வேலூர் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மண் அடுப்பாகிவிடும். பேனல் சூடு ஒரு டிகிரி கூடினால் உற்பத்தி 0.35 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். தூசியும் கிளம்பும். புல் இருந்தால் இரண்டும் தணியும், வெட்டுக்கிளியும் வண்ணத்துப்பூச்சியும் வரும், அவற்றைத் தின்னப் பறவையும் வரும்.

புல் உயராமல் இருக்கச் செம்மறியை விடுங்கள். வெள்ளாடு வேண்டாம், பேனல் மேல் ஏறும், கேபிளைக் கடிக்கும். ஒரு முறை அனுபவப்பட்டால் போதும். பேனலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 1 மீட்டர் இருந்தால் ஆடு முதுகு உரசாமல் போகும், எனவே இதை டிசைனிலேயே சொல்லவேண்டும். மேய்ச்சலுக்கு அந்த நிலத்தில் முன்பு ஆடு ஓட்டியவரையே அழையுங்கள். அவருடைய மேய்ச்சல் இடத்தைத்தானே எடுத்திருக்கிறோம். பூ பூத்து விதை விழும் வரை, மழைக்குப் பிறகு ஆறு வாரம் மட்டும் ஆட்டை நிறுத்திவையுங்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையால் பிடுங்கவேண்டும், கையுறையோடு.

கழுவ ஒரு பேனலுக்கு 2 லிட்டர் என்றாலும் ஒரு முறைக்கு 3,600 லிட்டர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் நிலத்தடி நீர் உப்பு. கழுவினால் வெள்ளைத் திட்டு படியும். மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்தால் கழுவவும் ஆகும், கோடையில் ஓரமாக ஒரு தட்டில் ஊற்றிவைத்தால் குருவி குடிக்கவும் ஆகும். மற்ற நாளில் உலர் துடைப்பான். சோப்புத்தூள் வேண்டவே வேண்டாம்.

9. இரவு விளக்கு

நான்கு மூலையிலும் விடிய விடிய எரியும் வெள்ளை விளக்கு பூச்சியை இழுத்துக் கொல்லும். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரியும் சென்சார் விளக்கு, மஞ்சள் ஒளி, முகம் தரையைப் பார்த்து.

10. முதல் ஆண்டு நோட்டு

ஒரு நூறு பக்க நோட்டு போதும். லைன் சார்ஜ் ஆன முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை கம்பி வழியே நடந்து செத்த பறவை கிடக்கிறதா என்று பாருங்கள். விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறினால் நாயும் காக்கையும் தூக்கிப் போய்விடும். எந்தக் கம்பத்தடியில் என்று எண்ணோடு எழுதுங்கள். ஒரே கம்பத்தில் இரண்டு முறை நடந்தால் அந்தக் கம்பத்துக்கு மட்டும் உறை கேட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனு கொடுங்கள். பொதுவாகக் "பறவை சாகுது" என்று எழுதினால் மேஜையில் கிடக்கும், கம்ப எண்ணோடு கொடுத்தால் லைன்மேன் வருவார்.

ஜனவரியிலும் ஏப்ரலிலும் பழைய நான்கு இடத்தில் அதே 10 நிமிடம் நில்லுங்கள். மூன்றாவது இடத்தில் முதல் ஏப்ரலில் கௌதாரிச் சத்தமே இல்லை. அடுத்த ஏப்ரலில் வடக்கு வேலியோரப் புதரிலிருந்து கேட்டது, அந்த 3 மீட்டரை விட்டிருந்த பக்கத்தில் மட்டும்.